முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை

வலிக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மன்னார்குடியில் என் விதைக்கடைக்கு வருகிறவர்கள், உரத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்று, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டிக் கேட்கிறார்கள். வலிக்கும் என்கிறேன். எவ்வளவு நாள் என்கிறார்கள். சொல்கிறேன். மடக்க முடியுமா, கீழே உட்கார முடியுமா, டி.வி.எஸ். ஓட்ட முடியுமா. அதையும் சொல்கிறேன். நீட்ட முடியுமா என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நீளுவது தானாக நடக்கும் என்று நினைக்கிறார்கள். நடக்காது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது பிறகு வரும்.

என் வலது கால் இருபத்தெட்டு வருடம் நீளாமல் இருந்தது. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கும் பாய்க்கும் நடுவே ஒரு பூனை நுழைந்து போகலாம். எங்கள் வீட்டுப் பூனை போயும் இருக்கிறது. கொல்லையிலிருந்து ஈரக்காலோடு வந்தால் சிமெண்டுத் தரையில் இடது பாதம் முழுதாகப் பதியும், வலது பாதம் விரல்களோடு நின்றுவிடும், யாரோ எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது போல. செருப்பில் வலது குதிகால் தேயவே தேயாது. இதெல்லாம் கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் மடங்கிய காலில் நிற்பது என்பது, பாதி உட்கார்ந்தபடியே நாள் முழுக்க நிற்பது. மற்றவர்கள் நிற்கும்போது எலும்பு தாங்குகிறது. எனக்குத் தொடை தாங்கியது. கடையில் நின்று மூன்று விதைப் பைகளை விற்பதற்குள் நான் மூன்று வயல் உழுதவன் போல ஆகிவிடுவேன்.

இது எப்படி வந்தது என்றால், எனக்கு இருபத்தைந்து வயதானபோது வந்தது. ஊரில் எஸ்.டி.டி. பூத் திறந்த புதிது. தெருவுக்கு இரண்டு பேர் சிங்கப்பூர், மூன்று பேர் வளைகுடா. எனக்கும் சிங்கப்பூர் போகப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, ஏஜெண்டிடம் கொடுத்தாயிற்று, மெடிக்கல் மட்டும் பாக்கி. அந்த இடைவெளியில் சும்மா இருக்க முடியாமல் நெல் கொள்முதல் நிலையத்தில் லாரி ஏற்றும் வேலைக்குப் போனேன். நான் எப்போதும் சும்மா இருக்கத் தெரியாதவன். மூட்டையோடு சறுக்கி விழுந்ததில் முழங்கால் எலும்பு மூட்டுக்குள்ளேயே உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அம்மா இல்லாத வீடு. லூர்து அக்கா நாகப்பட்டினத்திலிருந்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மாமியாரின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல் வந்து சேர்ந்தாள். கட்டுப் பிரித்த பிறகுதான் உண்மையான வலி தொடங்கியது. காலை நீட்டினால் உயிர் போகும், கொஞ்சம் மடக்கினால் திரும்பி வரும். இதைக் கண்டுபிடித்தவள் அக்காதான். தன் கல்யாணத்துக்குச் செய்த இலவம்பஞ்சுத் தலையணையைக் கொண்டுவந்து முழங்காலுக்கு அடியில் மெல்லச் செருகினாள்.

"இப்ப எப்படி இருக்கு தம்பி?"

"இப்பதான்க்கா நல்லாருக்கு."

மூன்று மாதம் அந்தத் தலையணை அங்கேயே இருந்தது. திருச்சியில் ஏஜெண்டின் டாக்டர், "நேரா நில்லுப்பா" என்றார். நான் நேராகத்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் இன்னொரு முறை சொன்னார். பிறகு சொல்லவில்லை. என் பாஸ்போர்ட் திரும்பி வந்தது.

பல வருடம் கழித்து என் வீட்டிலிருந்து கடல் கடந்து போனவள் என் மனைவி ஸ்டெல்லா. நர்ஸ். மஸ்கட்டில் பதினாறு வருடம். எங்கள் குடும்பம் வருடத்தில் முப்பது நாள் குடும்பம், மற்ற நாள் தொலைபேசி. மாமா இறந்த பிறகு அக்கா எங்களோடு வந்துவிட்டாள். என் மகளை வளர்த்துப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பியது அக்காதான்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் கால் போதும் என்றது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம், அக்காவும் நானும். காத்திருக்கும் கூடத்தைப் பற்றி என்ன சொல்ல. டோக்கன் நாற்பத்தொன்று. எல்லார் மடியிலும் எக்ஸ்ரே உறை, கைக்குழந்தையைப் போல. எதிர்வரிசையில் ஒரு பாட்டையா யாரிடமும் இல்லாமல் தன் முழங்காலிடமே பேசிக்கொண்டிருந்தார். மேலே தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடியது. நான் ஏழு முறை எழுந்து ஏழு முறை உட்கார்ந்தேன். "எதுக்கு இப்படித் தவிக்கிற, காலுக்குத்தானே டோக்கன் வாங்கினே, உனக்கா?" என்றாள் அக்கா.

எங்கள் எண் வந்தபோது அக்கா டீ வாங்கப் போயிருந்தாள். நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். இரண்டு அடிக்கோலை ஆணியடித்துச் சேர்த்தது போன்ற ஒன்றை முழங்கால் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நேராகறதுக்கு இருபத்தஞ்சு டிகிரி குறையுது. மூட்டு தேஞ்சு எலும்பும் எலும்பும் உரசுது, அதை மாத்திடலாம். அது சுலபம். இந்த நீளாத காலுதான் கஷ்டம்." அவர் தன் முழங்கையை மடக்கிக் காட்டினார். "மூட்டைச் சுத்தி ஒரு பை மாதிரி சவ்வு இருக்கு. மடக்கியே வெச்சிருந்தா அதோட பின்பக்கம் சுருங்கிடும். நனைஞ்ச கயிறு காய்ஞ்சு இறுகுற மாதிரி. அடிபட்டப்ப முட்டிக்கு அடியில ஏதாவது வெச்சிருந்தீங்களா?"

"தலகாணி சார்."

"எத்தன நாள்?"

"மூணு மாசம்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "எலும்பு ஒழுங்காத்தான் சேர்ந்திருக்கு. அந்தத் தலகாணி இல்லேன்னா இந்தக் கால் இவ்வளவு மோசமாயிருக்காது. யாரு வெச்சது?"

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் டீ கிளாஸோடு அக்கா உள்ளே வந்தாள்.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு பரிசோதனைகளை எழுதத் தொடங்கினார்.

ரத்தம், சிறுநீர், சர்க்கரை, இதயத்துக்கு இரண்டு விதமான படம். பல் டாக்டரிடமும் அனுப்பினார்கள். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டுக்குப் போய்த் தங்கிவிடுமாம். காலுக்காக ஒரு பல்லை இழந்தேன். ஸ்டெல்லா தன் முப்பது நாள் விடுப்பையும் இதற்கென்று எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் பெட்டியை இறக்கியதும் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

அறுவை முதுகில் ஒரு ஊசியோடு தொடங்கியது. இடுப்புக்குக் கீழே நான் இல்லை. நடுவில் ஒரு பச்சைத் துணி. அதற்கு அந்தப் பக்கம் தச்சுப்பட்டறை: அறுக்கும் சத்தம், சுத்தியல் சத்தம். மயக்க மருந்துக்காரர் என் தலைமாட்டில் நின்று, இந்த வருடம் ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார், விதைக்கடைக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று. முடிவில் டாக்டர் துணிக்கு மேலே ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். நீளமாக, நேராக, மஞ்சள் மருந்து பூசி. யாருடைய கால் என்று தோன்றியது.

"பாத்துக்குங்க. மயக்கத்துல இருக்கறப்ப நான் சொல்றதைக் கேக்குது. முழிச்ச பிறகு நீங்க சொல்றதைக் கேக்கணும்."

முழித்த பிறகு அது யார் சொல்வதையும் கேட்கவில்லை. மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் போனது, தஞ்சாவூரிலிருந்து பூம்புகார் போனது போல இருந்தது. படுக்கும்போது ஸ்டெல்லா ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தாள். முழங்காலுக்குக் கீழே எதுவும் கிடையாது. அந்தரத்தில் தொங்கும் மூட்டைக் காலின் எடையே கீழே இழுத்து நேராக்க வேண்டும்.

"அண்ணி, நல்லாப் பாத்துக்குங்க. முட்டிக்குக் கீழ காத்து மட்டும்தான் போகணும். பஞ்சு, துண்டு, தலகாணி எதுவும் ஆகாது" என்று அக்காவிடம் சொன்னாள்.

"சரிம்மா" என்றாள் அக்கா. அவள் பார்வை என் வாயில் இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் அன்பு சின்னச் சின்னதாக வரும். இட்லியை விண்டு சர்க்கரை தொட்டு வைப்பாள். ஈரத்துணியால் என் உள்ளங்காலைத் துடைத்து, விரல் இடுக்குகளையும் துடைப்பாள். பக்கத்துக் கட்டில்காரரின் ரேடியோவைக் குறைக்கச் சொல்ல வெட்கப்பட்டு, அவருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்து அவர் தானாகக் குறைக்கும்படி செய்வாள். மூன்றாம் நாள் மத்தியானம், ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியை வாங்க ஸ்டெல்லா கீழே போனாள். அக்கா தன் பையைத் திறந்து, உறை மாற்றிய பழைய இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்தாள்.

"அதேவா அக்கா?"

"அதேதான். பஞ்ச மட்டும் ரெண்டு தடவ காயப்போட்டேன். ஸ்டெல்லா வர்றதுக்குள்ள கொஞ்ச நேரம் வெச்சிக்கடா."

தலையணை முழங்காலுக்கு அடியில் போன அந்த நொடியை எப்படி எழுதுவது. கோடைக்குப் பிறகு வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போது, வெடித்த மண் ஒரு சத்தம் போடுமே, அப்படி என் உடம்பு முழுக்க ஒரு சத்தம். கண்ணை மூடினேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால், அன்று தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் அவள் செய்ததெல்லாம் என்ன ஆகும்? லிப்ட் திறக்கும் சத்தம் கேட்டதும் அவளே எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் திருட்டு மாங்காய் தின்ற பிள்ளைகள் போல ஜன்னலைப் பார்த்தோம்.

வீட்டுக்கு வந்தும் அது தொடர்ந்தது. ஸ்டெல்லா குளிக்கப் போனால், கடைத்தெருவுக்குப் போனால், கோயிலுக்குப் போனால். தையல் பிரிக்கும் நாளில் டாக்டர் அந்த அடிக்கோலை வைத்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். அறுவை மேசையில் நேராக இருந்த கால், பதினைந்து டிகிரி மடங்கி நின்றது.

"ஆறாவது வாரம் வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா மறுபடி மயக்கம் குடுத்து நீட்டணும். அதுலயும் முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். அதுக்கு மேல விட்டா இறுகிடும். பழையபடிதான் நடப்பீங்க."

காரில் வரும்போது ஸ்டெல்லா மெல்லிய குரலில் கேட்டாள், "என்னங்க, நான் இல்லாதப்ப வீட்ல என்ன நடக்குது?"

"என்ன நடக்கும்? ஒண்ணும் நடக்கல."

"நான் முப்பது வருஷமா நோயாளிங்களப் பாக்குறேன். பொய் சொல்றவங்களோட காலுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அவள் விடுப்பு முடிந்தது. போகும்முன் பிசியோதெரபிஸ்ட் ஒருத்தியை வீட்டுக்கு வர ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். விமான நிலையக் காரில் ஏறும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, குனிந்து முழங்காலையும் தொட்டுவிட்டுப் போனாள்.

வந்தவள் பெயர் செல்வி. நாகப்பட்டினம் கடற்கரைப் பெண், அப்பா படகுக்காரர். ஸ்கூட்டியில் வாரம் மூன்று நாள், சாயங்காலம் நாலு மணிக்கு வருவாள். வாய் ஓயாது.

"அமுக்குங்க சார், என் கைய முட்டியால நசுக்குங்க. இவ்வளவுதானா? எங்க ஊர்ல இந்தக் காலோட படகு தள்ளப் போனா, படகு உங்களத் தள்ளிட்டுப் போயிடும்."

குதிகாலைத் துண்டின்மேல் வைத்து, முழங்கால்மேல் இரண்டு கிலோ எடை, ஒரு தடவைக்குக் கால்மணி நேரம், ஒரு நாளைக்கு நாலு தடவை. அதுதான் அவள் சட்டம். அக்கா பழைய காடாத்துணியில் பை தைத்து, என் கடை விதைநெல்லைக் கொட்டி, வாயை மூடித் தைத்தாள். கடிகாரம் பார்க்க வேண்டாம், ஜெபமாலை சொல்கிறேன் என்றாள்.

"ஒரு மாலை எவ்வளவு நேரம்மா?" என்றாள் செல்வி.

"நிதானமாச் சொன்னா இருவது நிமிஷம் ஆகும்."

"அப்ப நிதானமாவே சொல்லுங்க."

ஆனால் நான் முனகத் தொடங்கியதும் அக்காவின் உதடுகள் ஓடத் தொடங்கும். ஐம்பது மணியும் ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் நெல் பையைத் தூக்கிவிடுவாள். செல்வி ஒருநாள் கைபேசியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இவ்வளவு வேகமாச் சொன்னா மாதாவுக்கு எப்படிம்மா புரியும்?"

ஒரு வெள்ளிக்கிழமை அவள் முன்னதாகவே, மூன்று மணிக்கே வந்துவிட்டாள். கதவு திறந்திருந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். முழங்காலுக்கு அடியிலிருந்து எதையோ யாரோ உருவ, விழித்தேன். தலையணை அவள் கையில்.

"சூடா இருக்கு. காலையிலேர்ந்தே இருக்கு போல."

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். "நான்தாம்மா வெச்சேன். வலிக்குதுன்னான்."

"அம்மா, வலி நிக்கிற நெலையிலதான் கால் கெட்டுப்போகும். நீங்க வலியத்தான் எடுத்தீங்க, கூடவே காலையும் எடுத்துட்டீங்க." செல்விக்கு நிறுத்தத் தெரியாது. "சாருக்கு ஆதியில கால் மடங்கிப்போனதே இப்படித்தான். சாரோட ஃபைல்ல டாக்டர் எழுதியிருக்காரு. அன்னைக்கும் யாரோ ஒரு புண்ணியவதி மூணு மாசம் தலகாணி வெச்சு..."

அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். நான் தண்ணீர் கேட்டேன். யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை.

அன்று மாலை அக்கா எப்போதும் போல எல்லாம் செய்தாள். சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், என் உள்ளங்காலைத் துடைத்தாள். மறுநாள் காலை வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். டாக்டரை முதல்முதலாகப் பார்க்கப் போனபோது கட்டியிருந்த அதே புடவை.

"அன்னைக்கு நான் டீ வாங்கிட்டு உள்ள வந்தப்ப ரெண்டு பேரும் பேச்ச நிறுத்தினீங்க. டாக்டர் என்ன கேட்டாரு?"

"ஒண்ணும் கேக்கலக்கா."

"தம்பி."

"யாரு தலகாணி வெச்சதுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஞாபகம் இல்லன்னு."

வெளியே யாரோ ட்ராக்டரைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"நீ சிங்கப்பூர் போகாததும் அதனாலதானா?"

"எலும்பு உடைஞ்சதுக்கு நீ என்னக்கா பண்ணுவே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

இருபத்தெட்டு வருடம் யாரும் கேட்காத கேள்வி. அதற்குப் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. உண்மை சொல்லவும் இல்லை. "பாதி" என்றேன்.

"பாதின்னா?"

"உடைஞ்சது பாதி. தலகாணி பாதி."

அவள் எழுந்து போனாள். உள் அறையில் பீரோ திறக்கும் சத்தம், மூடும் சத்தம். கிணற்றடிக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன். அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது ஒரு கையில் தலையணை, ஒரு கையில் நெல் பை, கழுத்தில் ஜெபமாலை. என் குதிகாலைத் தூக்கி, தலையணையை இரண்டாக மடித்து அதற்கு அடியில் வைத்தாள். முழங்கால் அந்தரத்தில் நின்றது. அதன்மேல் நெல் பையை இறக்கினாள்.

"ஐயோ" என்றேன்.

"கத்து தம்பி. நான் எடுக்க மாட்டேன்."

அவள் சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொரு மணியாக, ஒவ்வொரு சொல்லாக, கோயிலில் பங்குச் சாமியார்கூட அவ்வளவு நிதானமாகச் சொன்னதில்லை. நான் கத்தினேன், கட்டில் சட்டத்தைப் பிடித்தேன், அவளைத் திட்டினேன்கூட. குரல் நடுங்கியது, வேகம் கூடவில்லை. ஐந்தாவது பத்து முடிந்தது. முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் ஒரு பத்து" என்றாள்.

பதினேழு நாள் இப்படி. காலை, பதினோரு மணி, செல்வி வரும் நேரம், விளக்கு வைத்த பிறகு. களைப்பு என்பதை நான் அந்த நாட்களில்தான் முழுதாக அறிந்தேன். வலியின் களைப்பு ஒன்று, வலிக்கக் காத்திருக்கும் களைப்பு ஒன்று. மஸ்கட்டிலிருந்து வீடியோவில் வந்த ஸ்டெல்லா, "காலக் காட்டுங்க, மூஞ்சி வேண்டாம்" என்பாள். ஒருநாள் காலைப் பார்த்தவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. "அண்ணியக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்கா கைபேசியைக் கொல்லைக்கு எடுத்துப் போய்விட்டாள்.

ஆறாவது வாரம் தஞ்சாவூர். இந்தத் தடவை அக்கா டீ வாங்கப் போகவில்லை. டோக்கன் கூப்பிட்டதும் எனக்கு முன்னால் எழுந்தாள். டாக்டர் அடிக்கோலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். என் முழங்காலுக்கு அடியில் கையை நுழைக்கப் பார்த்தார். விரல் நுனி மட்டும் போனது.

"அஞ்சு. அஞ்சுகூட இருக்காது. மயக்கம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எக்ஸர்சைஸ மட்டும் விட்டுடாதீங்க." ஃபைலைப் புரட்டினார். "போன தடவ பதினஞ்சு. என்ன பண்ணீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர், நீங்க முதல்ல கேட்டீங்கள்ல, யாரு தலகாணி வெச்சதுன்னு. இவனுக்கு ஞாபகமெல்லாம் இருக்கு. நான்தான் வெச்சேன். அப்பவும் நான்தான், ஆபரேசனுக்குப் பொறவும் நான்தான். அப்புறம் இவன் காலு மேல நெல்ல வெச்சதும் நான்தான். எல்லாத்தையும் எழுதிக்குங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. "நெல்லா? என்ன ரகம்மா?" என்றார்.

"அது இவன் கடையில கேக்கணும்" என்றாள் அக்கா.

வெளியே தாழ்வாரம் நீளமாக இருந்தது. வாக்கர் இல்லை, கைத்தடி மட்டும். அப்போதுதான் துடைத்திருந்த ஈரத் தரை, வெறுங்காலோடு நடந்தேன். அக்கா எனக்குப் பின்னால் வந்தாள். லிப்ட் வரைக்கும் போய்த் திரும்பினால், அவள் பாதி வழியில் நின்று குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவசரப்படுத்தவில்லை. முதல் தடவையாக எனக்கும் நிற்பது கஷ்டமாக இல்லை.

மன்னார்குடிக்குத் திரும்பும் காரில் பின்சீட்டு முழுக்கக் காலை நீட்டி உட்கார்ந்தேன். அக்கா முன்சீட்டில். குதிகாலுக்கு வைக்கவென்று பையில் கொண்டுவந்திருந்த தலையணையை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"வேண்டாம்க்கா. சீட்டே நேராத்தான் இருக்கு. நீ வெச்சிக்க."

கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கழுத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகிக்கொண்டாள். நீடாமங்கலம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள், வாய் சற்றுத் திறந்து, ஜெபமாலை விரலில் சுற்றியபடி. இரண்டு பக்கமும் புது நடவு. பதினோரு மணி எக்ஸர்சைஸ் விட்டுப்போயிருந்தது. அவளை எழுப்பாமல், முழங்காலைச் சீட்டில் அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன், பத்துப் பத்தாக எண்ணினேன், ஐந்து பத்தும் முடிந்த பிறகு இன்னும் ஒன்று.